மூணாம் நம்பர் போர்

அத்தியாயம் 7

சங்கிலிமுத்துவின் பைக்கிலிருந்து செயினைக் கழற்றி, பக்கத்துக் கருவேல மரத்தில் மாலைபோல் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள்.

"பேரை விசாரிச்சு வச்சுக்கிட்டுத்தான் செஞ்சிருக்கானுக மேடம்," என்றான் அவன், எம்பிக் குதித்து அதை எடுத்தபடி. "சங்கிலி எங்கடான்னு எவனாச்சும் கேட்டா மரத்தைக் காட்டலாம்ல."

அவனுடைய முதலாளி செல்வலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. கிளுவமேட்டுக்குள் வந்து ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். அந்த டீயும் கிடைக்கவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொன்ன கடைக்காரர், அடுத்து வந்தவருக்கு நிதானமாக ஆற்றிக் கொடுத்தார். வழி கேட்டால் ஒருவர் கிழக்கே கையைக் காட்டினார், இன்னொருவர் மேற்கே. கோயில் முன்னால் நின்ற ஒரு பெண், இவர்கள் தாண்டிப் போகும்வரை காத்திருந்து, நடந்த தடத்தில் சாணித் தண்ணீரை வீசித் தெளித்தாள்.

வெறுப்பு அவளுக்குப் புதிதில்லை. விருதுநகரில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவளுக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் யாருடனாவது பேசுகிறாளா என்று தெருத்தெருவாய்க் கேட்டுக்கொண்டு போகிறவளை எவரும் நாற்காலி போட்டு உட்கார வைப்பதில்லை. ஆனாலும் ஓர் ஊர் மொத்தமும் ஒரே முகமாகத் திரும்பிக்கொள்வதை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை.

இந்தத் தடவை வந்திருப்பது கல்யாண விசாரணைக்கு அல்ல. தண்ணீர் விசாரணைக்கு.

கிளுவமேட்டுக்கு மேற்கே ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. பாறை தீர்ந்து வெறும் பள்ளமாய்க் கிடந்த அதில், கடற்கரைத் தாதுமணலைப் பிரித்தெடுக்கும் ஒரு கம்பெனி தன் கழிவைக் கொண்டுவந்து புதைத்தது. கதிர்வீச்சு உள்ள கழிவு. அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, மேலே களிமண், சுற்றிலும் முள்கம்பி. ஊர் கோர்ட்டுக்குப் போனது. நிலத்தடி நீரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, வேலிக்கு வெளியே நாலு போர் போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர்மக்கள் குழுவின் கண்முன்னால் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் செல்லப்பாண்டி, மேலத்தெருவில் நிலபுலன் உள்ளவர். குழுவில் ஒருத்தி வீரலட்சுமி, கீழத்தெரு, பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பார்ப்பவள். அவள்தான் போன வாரம் பஸ் ஏறி விருதுநகருக்கு வந்தாள்.

"மூணாம் நம்பர் போர்ல யுரேனியம் கூடிக்கிட்டே வந்துச்சுக்கா. பேப்பர்லகூடப் போட்டாக. அதுக்கப்புறம் எடுத்த தண்ணியில திடீர்னு ஒண்ணுமே இல்லைங்காக. பூட்டு எங்க குழுப் பூட்டு. அரக்கு முத்திரை எங்க கண்ணு முன்னால வச்சது, ஒடையவே இல்ல. புதைச்சது புதைச்ச எடத்துலதான் கெடக்கு. தண்ணி மட்டும் எப்படிக்கா நல்லதாகும்? கம்பெனிக்காரன் என்னமோ செய்றான். என்னன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

இன்றைக்குத் தண்ணீர் எடுக்கும் நாள்.

சங்கிலிமுத்து செயினை மாட்டி முடித்தபோது முழங்கைவரை கரிய கிரீஸ். அப்படியே இருவரும் ஊருக்கு மேற்கே நடந்தார்கள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்கவில்லை. அதனால் வேலைக்குப் போக வேண்டிய ஊர் முழுவதும் மூணாம் நம்பர் போரைச் சுற்றி நின்றது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்தது. சுற்றிலும் புஞ்சைகளில் மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

கூட்டத்தில் முதல் குரல் சின்னத்தாயுடையது. வீரலட்சுமியின் நாத்தனார், அதே பேக்கிங் ஷெட்டில் அவளுக்கு மூத்தவள்.

"வந்துட்டாளா ஒன் துப்பறியும் சீமாட்டி," என்றாள் வீரலட்சுமியைப் பார்த்து. "ஏட்டி, ஒன் வாயால பேப்பர்ல வந்துச்சு. கதிர் அடிச்ச ஊருன்னு பேராச்சு. எம்மகளுக்கு ரெண்டு எடம் பேசி முடிக்கிற நேரத்துல தட்டிப்போச்சு. 'அந்த ஊர்ப் பொண்ணுக்குப் புள்ள தங்குமா'ன்னு மூஞ்சிக்கு நேரா கேக்காக. இப்பத்தான் தண்ணி நல்லாருக்குன்னு ரிப்போர்ட்டு வந்து, மூணாவதா ஒரு எடம் இருக்கன்குடியில இருந்து வந்திருக்கு. அதையும் கெடுக்கணும்னு கல்யாணத்தைக் கெடுக்குறவளையே கூட்டியாந்திருக்க."

"மதினி, நான் தண்ணியப் பத்தித்தான்..."

"தண்ணியாம் தண்ணி."

வீரலட்சுமியைச் சுற்றி ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகவே இருந்தது. யாரும் அதை நிரப்பவில்லை.

செல்லப்பாண்டி சாவியை எடுத்து நீட்டினார். நல்ல உயரம், வெளுத்த சட்டை, கூட்டத்தில் அவர் பேசினால் மற்றவர்கள் நிறுத்துவார்கள். கம்பெனி லாரிகளை ரோட்டில் குறுக்கே படுத்து மறித்தவர் என்று பேர். அவரைத் தாண்டி, கம்பெனி மேனேஜர் ஜீப்பில் சாய்ந்தபடி செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் எடுக்க வந்திருந்த அதிகாரி ஹரிஷ்குமார், இளைஞர். அடுத்த ஊருக்கும் போக வேண்டிய அவசரத்தில் இருந்தார். அரக்கு முத்திரையை எல்லோருக்கும் காட்டினார். உடையவில்லை. பூட்டைத் திறந்தார். குழாய்க்குள் தண்ணீர் மொள்ளும் நீளமான ஒரு தூக்கியைக் கயிற்றில் இறக்கி, மேலே இழுத்து, பாட்டிலை நிரப்பினார். மிச்சத்தைக் கீழே கொட்டப் போனார்.

"சார் சார், அதைக் கொஞ்சம் இந்தக் கையில ஊத்துங்க," என்று சங்கிலிமுத்து இரண்டு கைகளையும் நீட்டினான். "இந்த ஊர்ல எனக்குச் சொட்டுத் தண்ணி தர ஆளில்லை. ரிப்போர்ட்டுப்படி பாத்தா மினரல் வாட்டரவிட நல்ல தண்ணி இதுதான்."

சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த சோப்புத் துண்டை எடுத்தான். முன்பு திருத்தங்கலில் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸுக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தவன். மைக் கறையோடு ஆர்டர் கேட்டால் கிடைக்காது என்று சோப்பு வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. தேய்த்தான்.

நுரை முழங்கைவரை ஏறியது. வெள்ளை வெளேரென்று, கொத்துக் கொத்தாக.

செல்வலட்சுமி அந்த நுரையையே பார்த்தாள்.

"சங்கிலி, கழுவாத. அப்படியே நில்லு."

"போட்டோ எடுக்கப் போறீங்களா மேடம்? இந்தப் பக்கம்தான் என் நல்ல பக்கம்."

அவள் பதில் சொல்லாமல் அதிகாரியின் அருகே போனாள். இந்த வட்டாரத்துப் போர்த் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள் அவள். சோப்பு கரையும், நுரைக்காது. பருப்பு வேகாது. குடத்தின் உள்ளே வெள்ளையாய் உப்புப் படியும். காலையில் இந்த ஊர்ப் பஸ் நிறுத்தத்துக் குழாயில் முகம் கழுவியபோதுகூட உதடு கரித்தது. பக்கத்துக் குழாயில் உப்பு, இங்கே நுரை.

"சார், இதுல பம்ப் எறக்கி, பழைய தண்ணிய எறைச்சுத் தள்ளிட்டு, ஊறி வர்ற தண்ணியத்தான எடுக்கணும்?"

ஹரிஷ்குமாரின் முகம் சிவந்தது. "முறை அதுதான். பம்ப் வேன்லதான் இருக்கு. ஆனா நாலு போருக்கும் அப்படிச் செஞ்சா சாயங்காலமாயிரும். தூக்கியில எடுத்தாலும் பெருசா வித்தியாசம் வராது."

"இன்னிக்கு எறைச்சுப் பாக்கலாமா?"

"தாராளமா எறைங்க," என்றார் மேனேஜர், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். "எங்களுக்கு ஒரு பயமும் இல்லை."

"எதுக்கு எறைக்கணும்?" செல்லப்பாண்டியின் குரல் ஓங்கி வந்தது. "எடுத்தாச்சுல்ல. முத்திரையப் போட்டுக் கெளம்புங்க சார். ஒவ்வொரு தடவையும் ஊரை வெயில்ல நிறுத்தணுமாக்கும்?"

செல்வலட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பயப்பட வேண்டியவன் கொட்டாவி விடுகிறான். கம்பெனியைக் கண்டாலே ரோட்டில் படுத்துக்கொள்ளும் மனிதர், கம்பெனிக்குச் சாதகமான தண்ணீரை மறுபடி பார்க்க வேண்டாம் என்கிறார். கல்யாண விசாரணையில் அவள் கற்ற பாடம் ஒன்று உண்டு. வீட்டில் எல்லோரும் எந்தக் கேள்விக்குச் சிரிக்கிறார்கள் என்பதைவிட, யார் எதற்கு அவசரப்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

"நாலாம் நம்பரை முடிச்சுட்டு வாங்க சார்," என்றாள். "அதுக்கப்புறம் இதை முடிவு பண்ணலாம்."

அதிகாரி வேலியை ஒட்டி நாலாம் நம்பரை நோக்கிப் போக, செல்லப்பாண்டியும் பாதிக் கூட்டமும் அவர் பின்னால் போனார்கள். மீதிப் பாதி, சின்னத்தாய் தலைமையில், அங்கேயே நின்று இவர்களைக் காவல் காத்தது.

சங்கிலிமுத்து நுரையை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டான். "மேடம், பூட்டு ஒடையல. அரக்கு ஒடையல. அப்ப மேல வழியா நல்ல தண்ணி வரல."

"மழையும் பூட்டைத் தாண்டி உள்ள போகாது."

"அப்ப கீழ வழியா."

"கீழன்னா எங்கிருந்து?"

அவன் சுற்றிலும் கண்ணை ஓட்டினான். எல்லாப் புஞ்சையிலும் பச்சை. போரை ஒட்டிய ஒரே ஒரு நிலம் மட்டும் தரிசு. விதைக்கவில்லை, உழவுமில்லை. ஆனால் அதன் வரப்பில் ஒரு பெரிய கறுப்புத் தண்ணீர் டேங்க். அதன் அடியிலிருந்து சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடுகிற கறுப்புக் குழாய் புல்லுக்குள் ஊர்ந்து போனது.

"பாத்தீங்களா மேடம்," என்றான் சங்கிலிமுத்து. "ஐப்பசி மழையில, வெதைக்காத நிலத்துக்குச் சொட்டுநீர்ப் பாசனம். மண்ணு மேல இம்புட்டுப் பாசம் வச்ச விவசாயிய நான் பாத்ததில்லை."

செல்வலட்சுமி வரப்பில் இறங்கிக் குழாயைத் தூக்கிப் பார்த்தாள். விரலால் தடவிக்கொண்டே போனாள். "இதுல ஓட்டையே இல்லை சங்கிலி. சொட்டுறதுக்கு ஓட்டை வேணும்ல?"

"சொட்டாத சொட்டுநீரா? அப்ப இது போற எடத்துக்கு மட்டும்தான் தண்ணி."

குழாய் போருக்குப் பத்தடி தள்ளி மண்ணுக்குள் இறங்கியது. சங்கிலிமுத்து பைக் டயர் கழற்றும் லீவரால் போரை ஒட்டிய ஈர மண்ணைக் கிளறினான். அதிகம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. போரின் இரும்புக் குழாயில், தரைக்கு ஒரு முழம் கீழே பக்கவாட்டில் துளை போட்டு, கறுப்புக் குழாயை அதில் செருகி, சுற்றிலும் பசை வைத்து அடைத்திருந்தார்கள். காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்டது.

நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. உள்ளே விட்டால் மேலேயே நிற்கும். தூக்கியை இறக்கி மேலாக மொண்டால் அதுதான் வரும். பம்ப் வைத்து இறைத்தால்தான் அடியில் இருப்பது தெரியும்.

"யாருட்ட கேட்டுக் காட்டுக்குள்ள கால வச்சீக?"

ஒரு மண்ணாங்கட்டி சங்கிலிமுத்துவின் தோளில் வந்து விழுந்து சிதறியது. செல்வலட்சுமி நிமிர்ந்தாள். சின்னத்தாயும் பெண்களும் வரப்பைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஆண்களும் நாலாம் நம்பரிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கட்டி அவள் காதோரம் போனது. குழிக்குப் பக்கத்திலேயே நின்றாள். நகர்ந்தால் ஒரே நிமிடத்தில் மண் மூடிவிடும்.

"வீரலட்சுமி, இங்க வந்து பாரு," என்று கூப்பிட்டாள். "எல்லாரும் பாருங்க. அப்புறம் எறியலாம்."

வீரலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தாள். பார்த்ததும் அவள் கண் குழாயின் வழியே பின்னோக்கிப் போய் டேங்கில் நின்றது.

"இது யாரு நிலம்?" என்று செல்வலட்சுமி கேட்டாள்.

பாதிப் பேர் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் நிலம்," என்றார் செல்லப்பாண்டி, பின்னாலிருந்து.

மேனேஜர் இப்போதுதான் செல்போனைப் பையில் போட்டார். எட்டிப் பார்த்தார். சிரித்தேவிட்டார். "எங்க லாரிக்குக் குறுக்க படுத்தவரு எங்களுக்காக இம்புட்டு வேலை பாத்திருக்காரு. எனக்கே தெரியாது."

செல்லப்பாண்டி அவரைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தின் நடுவே வந்து நின்றார்.

"அண்ணாச்சி," என்றாள் வீரலட்சுமி. "நீங்களா?"

"ஆமா. நாந்தான்." அவர் தலை குனியவில்லை. "கொய்யாக்கன்னு வைக்கப் போறேன்னு சொல்லி டேங்க் வச்சேன். ஆனைக்குட்டம் பக்கத்துல இருந்து லாரித் தண்ணி கொண்டாந்தேன். எதுக்கு? எனக்காகவா? பேப்பர்ல வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யாராச்சும் மறந்துட்டீகளா? நம்ம ஊர் ஆளுகள வேன்ல ஏத்த மாட்டேன்னு பட்டாசுக் கம்பெனிக்காரன் சொன்னான். சந்தையில கிளுவமேட்டுக் கத்திரிக்காயின்னா கையைத் தொடைச்சுக்கிட்டுப் போனான். கட்டிக் குடுத்த புள்ளைகளத் திருப்பி அனுப்புனான். போராடி என்ன கெடைச்சுச்சு? கெட்ட பேருதான் கெடைச்சுச்சு. அந்தப் பேரை நான் கழுவுனேன். தப்புன்னா சொல்லுங்க."

சின்னத்தாய் முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி செஞ்சதுல என்ன தப்பு?" என்றாள். "நம்ம புள்ளைகளுக்காகச் செஞ்சிருக்காக. இவ என்ன செஞ்சா? வெளியூர்க்காரியக் கூட்டியாந்து நம்ம சேலைய உருவப் பாக்கா." அவள் வீரலட்சுமியின் காலடியில் காறித் துப்பினாள். "அந்தக் குழிய மூடுங்கலே. இவுக ரெண்டு பேரையும் பஸ் ஏத்துங்க. ஏற மாட்டேன்னா வேற மாதிரி ஏத்துங்க."

கூட்டம் நகர்ந்து செல்லப்பாண்டியின் பின்னால் போய்ச் சேர்ந்தது. இந்தப் பக்கம் மூன்று பேர்தான் மிச்சம். மேனேஜர் பொறுமையாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். இனி அவர் செய்ய வேண்டியது எதுவுமில்லை. ஊரே அவருக்காகச் செய்துகொண்டிருந்தது.

"மேடம்," என்று சங்கிலிமுத்து அவள் காதருகே சொன்னான், "செயினை மாட்டுனது வீண் போகல. இப்ப வேகமா ஓட்டலாம்."

ஒருவன் மண்வெட்டியோடு குழியை நோக்கி வந்தான். செல்வலட்சுமி ஒதுங்கவில்லை. சட்டம், கோர்ட்டு, யுரேனியம் என்று பேசினால் இந்தக் கூட்டத்தில் ஒரு காதுகூடத் திறக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குக் கசந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்காக ஊர் ஊராய்ப் போகிறவள் அவள். கிளுவமேடு என்ற பேரைக் கேட்டதும் பிதுங்குகிற உதடுகளை நேரில் பார்த்தவள்.

பேச்சுக்கு வழி தேடி அவள் பார்வை மறுபடியும் டேங்க்குக்குப் போனது. கறுப்புக் குழாய் இடது பக்கத்தில் இறங்கியது. வலது பக்கத்தில், செடி மறைவில், இன்னொரு குழாய். வெள்ளை. இதைவிடப் பருமன், நல்ல தரம். மண்ணுக்குள் பதித்து, மேலே கல் அடுக்கி, பாந்தமாகச் செய்த வேலை.

"அண்ணாச்சி," என்றாள், சத்தம் போடாமல். "ஒரே ஒரு கேள்வி. அப்புறம் நாங்க கெளம்பிடுறோம். டேங்க்குல ரெண்டு வாய் இருக்கு. ஒண்ணு போருக்கு வருது. இன்னொண்ணு எங்க போகுது?"

இவ்வளவு நேரம் பேசியதில் செல்லப்பாண்டி யோசித்த முதல் இடம் அதுதான்.

"அது மாட்டுக்கு," என்றார்.

மண்வெட்டிக்காரன் நின்றான். சின்னத்தாய் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"மாடா?" என்றாள். "ஒங்க மாட்டத்தான் போன வைகாசியிலயே வித்துட்டீகளே அண்ணாச்சி. எம்புருசன்தான ஓட்டிக்கிட்டுப் போயி லாரியில ஏத்திவிட்டாரு."

"தோட்டத்துக்கு..."

"எந்தத் தோட்டத்துக்கு?"

சின்னத்தாய் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் ஏறினாள். வெள்ளைக் குழாயின் மேல் அடுக்கியிருந்த கற்களைப் பார்த்தபடி நடக்கத் தொடங்கினாள். செல்லப்பாண்டி, "சின்னத்தாயி, நில்லு," என்றார். அவள் நிற்கவில்லை. அவள் பின்னால் ஒரு பெண் போனாள், பிறகு இரண்டு பேர், பிறகு மண்வெட்டிக்காரன், பிறகு எல்லோரும்.

குழாய் மக்காச்சோளத்துக்கு நடுவே போனது. ஓடையைத் தாண்டும் இடத்தில் இரும்புக் கம்பியில் கட்டித் தூக்கியிருந்தார்கள். ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் மேல்நிலைத் தொட்டியின் அருகே, அதற்குத் தண்ணீர் ஏற்றும் பஞ்சாயத்துப் போரின் பக்கத்திலேயே கடந்தது. அங்கே நிற்காமல் மேலத்தெருவுக்குள் நுழைந்தது. கடைசியில் செல்லப்பாண்டி வீட்டுக் கொல்லைச் சுவரில் ஏறி, அடுப்படி ஜன்னலுக்குக் கீழே உள்ளே போனது.

அடுப்படியில் அவர் மனைவி பாண்டிலட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கொல்லை நிறைய ஊரைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். கீழத்தெருப் பெண்கள் அந்த வீட்டில் கொல்லை வாசல்வரைதான் வருவார்கள். சின்னத்தாய் வாசலைத் தாண்டி உள்ளே போனாள். குழாயைத் திறந்தாள். கையைக் குவித்துப் பிடித்து ஒரு வாய் குடித்தாள். வாயில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு விழுங்கினாள்.

"இனிக்குது," என்றாள், வெளியே நின்றவர்களைப் பார்த்து.

குழாயை இறுக்கி மூடினாள்.

"எம்புட்டு நாளாம்மா?" என்று பாண்டிலட்சுமியிடம் கேட்டாள்.

பாண்டிலட்சுமி புருசனைத் தேடினாள். அவர் கொல்லைக் கதவைத் தாண்டி வரவில்லை. அவளுக்குப் பொய் தயாராக இல்லை.

"பேப்பர்ல வந்ததுல இருந்து," என்றாள். "ஊருத் தண்ணி ஒரு சொட்டு அடுப்படிக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லிட்டாக. பேரப்புள்ளைக வந்து போற வீடு."

"ஊருத் தண்ணி," என்றாள் சின்னத்தாய்.

அவள் வெளியே வந்தாள். செல்லப்பாண்டியின் எதிரே வந்து நின்றாள். அடிக்கப் போகிறாளோ என்று செல்வலட்சுமி ஓர் அடி முன்னால் வைத்தாள். சின்னத்தாய் கையை ஓங்கவில்லை.

"எம்மக கல்யாணத்துக்காகத்தான் செஞ்சீகன்னு இப்பத்தான ஒங்களுக்காகப் பேசுனேன்," என்றாள். "எங்க பேரைக் காப்பாத்துனீக. எங்க வயித்தை விட்டுட்டீக."

"ஊருக்கே லாரியில கொண்டாற என்னால முடியுமா சின்னத்தாயி?"

"கொண்டாற வேண்டாம் அண்ணாச்சி. சொல்லியிருக்கலாம்ல. குடிக்காதீகன்னு காதோட ஒரு வார்த்தை."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள். மண்வெட்டிக்காரன் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, அதை மறந்து நடந்து போனான்.

ஹரிஷ்குமார் அப்போதுதான் மூச்சு வாங்கக் கொல்லைக்குள் வந்தார். சின்னத்தாய் அவர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அந்தக் கறுப்புக் கொழாயப் பிடுங்கிட்டு, பம்ப எறக்குங்க. சாயங்காலமானாலும் சரி, ராத்திரியானாலும் சரி. அதை முடிச்சுட்டு ஊருக் கொழாயிலயும் எடுங்க. எங்க வீட்டுக் கொடத்துலயும் எடுங்க."

"அம்மா, போர்ல மட்டும்தான் எடுக்கணும்னு..."

"குழு எந்த எடத்தைச் சொல்லுதோ அங்கயும் எடுக்கணும்," என்றாள் வீரலட்சுமி. "கோர்ட்டு உத்தரவுலயே அப்படித்தான் இருக்கு சார். இதுவரைக்கும் நாங்கதான் கேக்கல."

"குழுவுல இன்னும் யாரெல்லாம் சொல்றீங்க?"

இரண்டு கைகள் உயர்ந்தன. செல்லப்பாண்டி கையைத் தூக்கவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

பம்ப் ஓடியது. மூணாம் நம்பர் போரிலிருந்து முதலில் வந்தது தெளிந்த தண்ணீர். பொழுது இறங்க இறங்க அது லேசாய் மஞ்சளாகி, கால்வாயில் ஓடிக் காய்ந்த இடத்தில் வெள்ளைத் தடம் விட்டது. மேனேஜரின் ஜீப் எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை. ஊர் சோறு பொங்காமல் நின்று பார்த்தது. செல்வலட்சுமிக்கு இப்போதும் யாரும் ஒரு டம்ளர் எதுவும் தரவில்லை. தருகிற நிலையில் எந்த வீட்டிலும் தண்ணீர் இல்லை.

பாட்டில்களை மூடி அரக்கு உருக்கும் நேரத்தில் சின்னத்தாய் அவளிடம் வந்தாள்.

"கெளம்புங்கம்மா. ஒங்க வேலை முடிஞ்சது."

"சோதனை முடிவு வர்ற வரைக்கும்..."

"அது எங்க சண்டை. நீங்க ஒரு கேள்வி கேட்டீக, சரி. அதுக்காக ஒங்களக் கும்புட மாட்டேன்." அவள் கண் சிவந்திருந்தது. "இருக்கன்குடிக்காரனுக்கு நாளைக்கே சேதி போயிரும். வீட்டுல எம்மக, பொண்ணு பாக்க வருவாகன்னு நாக்காலியப் போட்டு, மாவிலை கட்டிக்கிட்டிருக்கா. அவகிட்டப் போயி நாந்தான சொல்லணும்."

சங்கிலிமுத்து பைக் சாவியை எடுத்தான்.

ஹரிஷ்குமார் வேன் படியில் உட்கார்ந்து, ஊர்க் குழாயில் பிடித்த பாட்டிலில் ஒட்டும் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "சாட்சியா ஒரு பேர் வேணும். வழக்கமா தலைவர் பேரைத்தான்..."

சின்னத்தாய் திரும்பிப் போய் அவர் எதிரே நின்றாள்.

"சின்னத்தாயின்னு எழுதுங்க," என்றாள். "ஊரு கிளுவமேடு. ஊர்ப் பேரை நல்லாத் தெரியுற மாதிரி பெருசா எழுதுங்க."